சட்டைக் கை

1

இந்தக் கதை முதலில் ஒரு புகார்க் கடிதமாக இருந்தது. ஒரே பக்கம், அடியில் என் கையெழுத்து. எழுத அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இந்தக் கதையோடு ஏழு மாதமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். அவ்வளவு சரளமாக வந்த கடிதத்தைத்தான் முதலில் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

எங்கள் பகுதிச் சமூகக் கூடத்தின் பின்னறையில் ஒரு முன்பள்ளி நடக்கிறது. என் மகள் சிட்டு (வீட்டில் கூப்பிடுவது அப்படித்தான்; நாலு வயது) அங்கேதான் போய்க்கொண்டிருந்தாள். கடிதம் அங்கிருந்த டீச்சரைப் பற்றியது. அதில் அவரை ஒரு வரியில் முடித்துவிட்டேன். கதையிலாவது அவர் பக்கத்தில் போய் நின்று பார்க்கலாம் என்று நினைக்கிறேன். நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு. ஆகையால் நான் சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

2

முதல் தொடக்கம்: டீச்சருக்கு எதையும் உற்றுப் பார்க்கிற பழக்கம். அந்தப் பார்வையில் என்னவோ ஒரு—

(அடித்துவிட்டேன். இது கடிதத்தின் குரல்.)

இரண்டாவது தொடக்கம்: பிள்ளைகளுக்காகவே வாழ்ந்த அந்தப் புண்ணியவதி—

(இதுவும் வேண்டாம். குற்ற உணர்ச்சியில் எழுதியது. டீச்சருக்கு முட்டி வலி உண்டு, கோபமும் உண்டு. பெற்றோர் பத்து நிமிடம் தாமதமாக வந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.)

மூன்றாவது:

காலை எட்டரைக்கு டீச்சர் வாசலில் ஒரு குட்டி நாற்காலியைப் போட்டு உட்காருவார். இருபத்திரண்டு பிள்ளைகள். "வந்தாச்சா?" என்று ஒவ்வொருவரையும் கேட்பார். கேட்கும்போதே கண் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடும். அழுத கண்ணா, தூங்காத கண்ணா, வலது செருப்பு இடது காலிலா, நெற்றி சுடுகிறதா. பார்த்ததை ஒரு நோட்டில் குறிப்பார். 'மூக்கு ஒழுகுது.' 'முழங்காலில் சிராய்ப்பு, வீட்டில் விழுந்ததாம்.' அங்கே வேலை செய்கிறவர்களுக்கு அது விதி. இல்லையென்றால் எல்லாக் காயமும் முன்பள்ளியில் பட்டதாகிவிடும்.*

* இதையெல்லாம் அங்கே உதவிக்கு இருக்கும் அக்கா பிறகு சொன்னார். அவர் சொல்லாததை நான் இட்டுக்கட்டியிருக்கிறேன்.

3

அன்று செவ்வாய்க்கிழமை, வர்ணம் பூசும் நாள். உடுப்பு பாழாகாமல் இருக்க, பெரியவர்களின் பழைய சட்டைகளை முன்பின்னாகப் பிள்ளைகளுக்கு மாட்டிவிடுவார்கள். சிட்டு வலது கையை நீட்டினாள். இடது கையை நீட்டவில்லை.

"இந்தக் கை வேணாம்," என்றாள்.

வெளியே வெயில் கொளுத்துகிறது. சிட்டுவுக்கோ மணிக்கட்டு வரை மூடின சட்டை. டீச்சருக்கு அப்போதுதான் முதன்முதலாகச் சந்தேகம் தட்டியது. மற்றப் பிள்ளைகள் மொய்த்துவிடுவார்கள் என்று அவளைச் சாமான் அறைக்குக் கூட்டிப்போனார். கூடவே அக்காவையும் கூப்பிட்டுக்கொண்டார்.

"கையைக் கொஞ்சம் பாக்கட்டுமா, தங்கம்?"

"ம்."

சட்டைக் கையை மெல்ல மேலே ஏற்றினார். புஜத்தில் வரிசையாக நாலு தடம். பின்பக்கம் ஒன்று, கொஞ்சம் அகலமாக.

யார் செய்தது என்று கேட்கக் கூடாது, பெயரை எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். டீச்சர் "வலிக்குதா?" என்று மட்டும் கேட்டார். சிட்டு பதில் சொன்னாள்.

(அந்தப் பதிலை இங்கே எழுதினேன், எடுத்தேன், மறுபடி எழுதினேன். இப்போதைக்கு எடுத்தே இருக்கட்டும்.)

மத்தியானம் கூட்டிப்போக வந்த அம்மாவிடம் டீச்சர் கேட்டார்: "பாப்பா எங்கயாச்சும் விழுந்தாளா?"

"ஏன், இங்க விழுந்தாளா?"

"இல்ல. கையில தடம் இருக்கு. சும்மா கேட்டேன்."

'சும்மா கேட்டேன்' என்று சொல்லி யாரும் சும்மா கேட்டதில்லை. அந்த அம்மாவுக்கு அது தெரியும்.

4

அன்று சாயங்காலம் சாப்பிடும்போது சிட்டு சொன்னாள்: "டீச்சர் என்னைச் சாமான் ரூமுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. சட்டைக் கையைத் தூக்கிப் பாத்தாங்க."

என் வீட்டுக்காரர் தட்டிலிருந்து கையை எடுத்தார். "எதுக்கு?"

"கதவைச் சாத்தினாங்களா?" என்று நான் கேட்டேன்.

"ம்."

கூட யார் இருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

"நாளைக்கு நேர்ல போய்க் கேப்போம். விசாரிக்காம எதையும் எழுதி வைக்காத," என்றார் அவர்.

"நம்ம பொண்ணுங்க அவ," என்றேன். அவர் பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் கடிதத்தை முடித்துவிட்டேன். அதிலிருந்து ஒரு வாக்கியம்: 'டீச்சர் என் மகளைத் தனியறைக்கு அழைத்துச் சென்று, கதவைச் சாத்தி, சட்டையைத் தூக்கிப் பார்த்திருக்கிறார்.'

சிட்டு சொன்னது சட்டைக் கையை. நான் எழுதியது சட்டையை. வித்தியாசம் ஒரே ஒரு சொல். கதை எழுதுகிறவள் நான், சொற்களைக் குறைப்பதுதான் என் தொழில். அதைப் பாராட்டிப் பரிசுகூடக் கொடுத்திருக்கிறார்கள். கைதவறிக் 'கை' விட்டுப்போய்விட்டது என்று எனக்கு நானே ஜோக் சொல்லிப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

5

அதற்கு முந்தின நாள் காலை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட ஒரு தாய்—

(ஒரு தாய் இல்லை. நான்.)

நேரமாகிவிட்டது. சிட்டு செருப்புப் போட மாட்டேன் என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று தடவை சொன்னேன். நாலாவது தடவை சொல்லவில்லை. இடது புஜத்தைப் பிடித்துத் தூக்கினேன். அவள் கால் தரையில் படவில்லை. எவ்வளவு நேரம் அப்படியே வைத்திருந்தேன் என்று தெரியவில்லை. அவள் அழவில்லை. நான் என்ன செய்யப்போகிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அந்த முழுக்கைச் சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுவிட்டது நான்தான். அவள் வேறு சட்டை கேட்டாள்.

டீச்சரிடம் சிட்டு சொன்ன, நான் எடுத்து வைத்த பதில் இதுதான்: "இப்போ இல்ல. அம்மா பிடிச்சப்போ வலிச்சுது."

6

வியாழக்கிழமை பெற்றோர் குழு கூடியது. ஐந்து பேரும் பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தோம். குழுத் தலைவர் மருந்துக்கடைக்காரர். என் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"சட்டையைத் தூக்கினீங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"கையைத்தான் பாத்தேன்," என்றார் டீச்சர். "அக்கா கூட இருந்தாங்க."

"ஆமா, நான் இருந்தேன்," என்றார் அக்கா.

"நீங்க அவங்க ஆளு," என்றார் ஒரு பையனின் அப்பா.

"சரி, எதுக்குப் பாத்தீங்க?" என்றார் தலைவர்.

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் பையின் வாரைச் சரிசெய்தேன்.

"காரணத்தை எழுதி மேல அனுப்பியிருக்கேன். ஒரு பிள்ளையைப் பத்தின விஷயம். இங்க எல்லார் முன்னாடியும் சொல்ல முடியாது."

"அப்ப ஏதோ மறைக்கறாங்க," என்றார் அந்த அப்பா. அதற்குப் பிறகு டீச்சர் என்ன சொன்னாலும் எடுபடவில்லை. விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்றார்கள். டீச்சர் தன் பிளாஸ்கை எடுத்துக்கொண்டார். போகிற போக்கில், காயப்போட்டிருந்த தூரிகைகளை ஒருமுறை திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

டீச்சர் மேலே எழுதியதன் பேரில் சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு ஒரு பெண் அதிகாரி வந்தார். தடம் மஞ்சளாகியிருந்தது. ஒரே ஒரு தடவை, அவசரத்தில், என்று சொன்னேன். என் வீட்டுக்காரர் அப்போதுதான் அதை முதலில் கேட்டார். அதிகாரி போன பிறகு, "அப்ப அந்தக் கடிதம்?" என்றார். சிட்டுவைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். இப்போது காலையில் அவளைக் கிளப்புவது அவர்தான். நான் அவள் பக்கம் போனால் அவரும் அந்த அறைக்கு ஏதாவது எடுக்க வருவார்.

டீச்சர் மேல் தப்பில்லை என்று தீர்ப்பு வர இரண்டு மாதம் ஆனது. அதற்குள் அவர் இடத்தில் வேறு ஆள் வந்துவிட்டார். டீச்சர் ஊரின் மறுகோடியில் இன்னொரு முன்பள்ளிக்குப் போய்விட்டார்.

ஒன்றுதான் பிடிபடவில்லை. அன்று வாயைத் திறந்திருந்தால் டீச்சர் தப்பித்திருப்பார். விதிக்காகவா பேசாமல் இருந்தார்? சிட்டுவுக்காகவா? எனக்காகவா? இல்லை, நானே பேசுகிறேனா என்று பார்க்கவா? நல்லதிலும் நூல் பிடித்துப் பார்க்கிற புத்தி எனக்கு.

7

முடிவு (அ): கூட்டத்தில் நான் எழுந்து நின்று உண்மையைச் சொல்கிறேன். (நிற்கவில்லை.)

முடிவு (ஆ): டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பரவாயில்லம்மா" என்கிறார். (மன்னிப்பை நானே எழுதி நானே வாங்கிக்கொள்வது அசிங்கம்.)

முடிவு (இ): சிட்டு வளர்ந்து இதைப் படிக்கிறாள், படித்துவிட்டு அவள்—

(இதை யோசிக்கவே பிடிக்கவில்லை.)

8

போன மாதம் இதுவரை எழுதிய பக்கங்களை எடுத்துக்கொண்டு டீச்சரைப் பார்க்கப் போனேன். பிள்ளைகள் போயிருந்தார்கள். வர்ணக் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை. கையைத் துடைத்துவிட்டு, நின்றபடியே எல்லாப் பக்கத்தையும் படித்தார்.

"பாப்பா இப்ப எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா."

"தூங்கறாளா?"

"தூங்கறா."

மூன்றாவது பகுதியைத் தேடி எடுத்து, விரலை வைத்தார். "இதுல ஒண்ணு தப்பு. அன்னைக்குத்தான் முதன்முதலா சந்தேகம் வந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. நான் அப்படி யார்கிட்டயும் சொல்லல. அக்காவும் சொல்லியிருக்க மாட்டாங்க."

"அது... நானா போட்டது."

"தெரியும்," என்றார். பக்கங்களை அடுக்கித் திருப்பிக் கொடுத்தார். "அதுக்கு முன்னாடி எத்தனை தடவை?"

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் நிறுத்தவில்லை, காத்திருந்தார். நான் ஒரு பதில் சொன்னேன்.

அதை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் ஒரு சொல்லாவது குறைத்துவிடுவேன். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்குப் பரிந்து எழுத வேண்டாம்.