உயரமான நாற்காலி

ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் அன்று எல்லோருக்கும் முன்னால் கூடத்துக்கு வந்துவிட நினைத்தார். தையற்காரம்மா முந்திக்கொண்டாள்.

முதியோர் உடற்பயிற்சி வகுப்பில் துண்டைப் போட்டுவிட்டால் அந்த நாற்காலி போட்டவருடையது, மறுபேச்சில்லை. இருப்பதிலேயே உயரமான நாற்காலியில் தினமும் டிரைவர் துண்டுதான் கிடக்கும். இன்று பூப்போட்ட துண்டு கிடந்தது.

"அது என் சீட்டும்மா."

"டிக்கெட்ல நம்பர் போட்டிருக்கா அண்ணே?"

"இன்னிக்கு மட்டும் விட்டுக்கொடு. என் பொண்ணு நான் எழுந்திருக்கிறதைப் பார்க்க வர்றா."

"எனக்கு முட்டி வீங்கிக் கிடக்கு. வேற பாருங்க."

குளியலறையில் விழுந்து எழ முடியாமல் அவர் கிடந்ததிலிருந்து மகள் ஒரே பிடியாக நிற்கிறாள்: மூன்றாவது மாடியில் தனியாக இருக்கக் கூடாது, என் வீட்டுக்கு வந்துவிடுங்கள். சண்டை முற்றிக் கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து காட்டினால் அவர் இஷ்டம். இல்லாவிட்டால் அவள் இஷ்டம்.

அவர் மிச்சமிருந்த குட்டை நாற்காலியில் உட்கார்ந்தார். கையை ஊன்றி எழுந்து ஜன்னல்வரை போனார். திரும்பி வந்து நாற்காலியை நகர்த்திப் போட்டார். அலுவலகப் பையோடு மகள் வாசலில் வந்து நின்றாள்.

"கை ரெண்டும் நெஞ்சு மேல. எழுந்திருங்க!" என்றாள் டீச்சர்.

பாதி எழும்பித் தொப்பென்று விழுந்தார். மறுமுறை, கை தானாகவே தொடையில் ஊன்றியது.

"போதும்பா."

"நாற்காலி குட்டைடி."

"விழுந்தா தரை இதைவிடக் குட்டைப்பா."

தையற்காரம்மா முனகிக்கொண்டே எழுந்து துண்டை உருவினாள். "வாங்க, இதுல ஒருதடவை எழுந்து காட்டுங்க."

அதில் அவர் எழுந்துவிடுவார். அது அவருக்குத் தெரியும். மகளைப் பார்த்தார்.

"வேணாம்மா. டீச்சர், இந்தக் குட்டை நாற்காலியை வீட்டுக்குக் கொண்டு போகட்டுமா? இதுலயே எழுந்து பழகிக்கிறேன்."

டீச்சர் தலையாட்டினாள். மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "ஒரே மாசம்தான்பா டைம். தினமும் வந்து பார்ப்பேன்."

வீட்டுப் படியில் நாற்காலியை அவளே பிடுங்கித் தூக்கினாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் மூச்சு முட்டி, அதையே போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"என்னடி, வண்டி மக்கர் பண்ணுதா?"

"சும்மா இருங்கப்பா." முட்டியில் கையை ஊன்றித்தான் எழுந்தாள். அவர் கவனித்தார்.

"தள்ளு. நான் உட்காரணும்."

"இங்கேயா?"

அவர் கைகளை நெஞ்சின் குறுக்கே வைத்து உட்கார்ந்தார். அவள் பையைக் கீழே போட்டுவிட்டு, சாய்ந்தால் பிடிக்கத் தோதாக எதிரே வந்து நின்றாள்.