மூன்றாம் நாள் முகம்

அந்த வீட்டில் எந்த நல்ல காரியத்துக்கும் நாள் குறித்துக் கொடுத்தது ரத்த வங்கிதான்.

பெரியவளுக்குப் பதினோரு வயது, பொடியனுக்கு ஆறு. இரண்டு பேருக்குமே உடம்பில் ரத்தம் சரியாக ஊறாத பிறவி நோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை செவ்வாய்க்கிழமையில் ஆஸ்பத்திரியின் பகல் வார்டுக்குப் போய், அடுத்தடுத்த கட்டிலில் படுத்து, ஆளுக்கொரு பை ஏற்றிக்கொண்டு வருவார்கள். ஏற்றிய மூன்றாம் நாள் பார்க்க வேண்டுமே! கன்னம் சிவந்து, மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி, வீட்டை இரண்டாக்கிவிடுவார்கள். மூன்றாவது வாரம் வந்தால் கண்ணில் மஞ்சள் தட்டிவிடும். சாப்பாடு இறங்காது. இருந்த இடத்திலேயே சுருண்டு கிடப்பார்கள். பொடியன் இதற்கெல்லாம் பேர் வைத்திருந்தான். முதல் வாரம் தக்காளி, கடைசி வாரம் எலுமிச்சை.

அப்பா போட்டோக்காரர். கடைத்தெருவில் சொந்தமாக ஸ்டூடியோ. வருகிறவர்களின் மருவை எடுப்பார், முகப்பருவைத் துடைப்பார், கெஞ்சிக் கேட்டால் வழுக்கையில் நாலு முடி நட்டும் கொடுப்பார். தன் பிள்ளைகளை மட்டும் இப்படித் திருத்தியதில்லை என்று அவருக்கு ஒரு பெருமை. எதற்குத் திருத்த வேண்டும்? மூன்றாம் நாள் பார்த்துத்தானே கேமராவையே கையில் எடுப்பார்! ஸ்டூடியோ சுவரில் இருக்கும் படங்களைப் பார்த்துவிட்டு வாடிக்கையாளர்கள் கேட்பார்கள், "பிள்ளைங்களுக்கு என்னங்க குடுக்குறீங்க, இப்படிப் பளபளன்னு இருக்காங்க?" அவரும் கூசாமல், "எல்லாம் வீட்டுச் சாப்பாடுதாங்க" என்பார். சொந்தக்காரர்கள் யாராவது துருவினால், "கொஞ்சம் ரத்தம் கம்மி, அவ்வளவுதான்" என்பார். பத்து வருடமாக அதே "கொஞ்சம்".

அந்த வருடம் அந்தக் குடும்பத்துக்கு நல்லதெல்லாம் வரிசை கட்டி வந்தது. பொடியன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தான். தையல் கம்பெனியில் வேலை பார்த்த மனைவி சூப்பர்வைசர் ஆனாள். பொடியனுக்கு நூறாவது பை ஏறியபோது வார்டு சிஸ்டர்கள் கட்டிலைச் சுற்றிக் காகித நட்சத்திரம் தொங்கவிட்டு, கேக் வெட்டி அமர்க்களப்படுத்தினார்கள். பெரியவள் கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தாள். எல்லாவற்றுக்கும் சிகரம் வைத்த மாதிரி, போட்டோக்காரரின் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது.

கல்யாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. போட்டோக்காரர் நாள்காட்டியை எடுத்து விரல் விட்டு எண்ணினார். வழக்கப்படி செவ்வாய்க்கிழமை ஏற்றினால் கல்யாணம் வருவது பன்னிரண்டாம் நாள். தக்காளியும் இல்லாத, எலுமிச்சையும் இல்லாத ஒரு முகம். பெண் வீட்டார் முந்நூறு பேர் வருகிற இடத்தில் அந்த முகத்தோடு பிள்ளைகளை நிறுத்துவதா? குடும்பத்தில் ஏதோ கோளாறு என்று காதைக் கடிக்க மாட்டார்களா?

நியாயமாகப் பார்த்தால் கடிப்பதற்கு ஒன்றுமே இல்லை. தம்பி தங்கமானவன். பெண் பார்த்த அன்றைக்கே எல்லாவற்றையும் உடைத்துச் சொல்லிவிட்டான். அந்தப் பெண்ணும் தன் ரத்தத்தில் அந்த நோய்க்கூறு இருக்கிறதா என்று பரிசோதனை செய்துகொண்டு, பயமில்லை என்று தெரிந்து, சிரித்துக்கொண்டே சம்மதம் சொன்னாள். இது போட்டோக்காரருக்கும் தெரியும். தெரிந்தும்தான் அந்தக் காரியத்தைச் செய்தார். அதனால் அவருக்காகப் பரிந்து பேச எனக்கு வாய் வரவில்லை.

திங்கட்கிழமை மாலை, மனைவி காதில் விழுகிற மாதிரி கூடத்தில் நின்றுகொண்டு செல்போனைக் காதில் வைத்தார். "சொல்லுங்க சிஸ்டர்... அப்படியா? ஸ்டாக் இல்லையா? அடுத்த வாரம் வியாழக்கிழமையா? சரிங்க, பரவால்லைங்க." எதிர்முனையில் ஈ காக்கை இல்லை. வியாழக்கிழமை ஏற்றினால் ஞாயிறு மூன்றாம் நாள். ஒன்பதே நாள்தானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டார். செவ்வாயும் புதனும் நிஜமாகவே வார்டிலிருந்து வந்த அழைப்புகளை எடுக்கவில்லை.

மனைவி கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிற ஜாதி இல்லை. "ரத்தம் இல்லேன்னா நாம சும்மா இருக்க முடியுமா?" என்று கம்பெனியில் ஒவ்வொரு மிஷினாகப் போய்க் கேட்டாள். இரண்டு பெண்கள் ஒத்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் புதன்கிழமை காலை அரைநாள் லீவு போட்டு ரத்தம் கொடுக்கப் போவதென்று முடிவானது. அதே புதன் காலையில்தான் பெரியவளுக்குப் பரிசு கொடுக்கிறார்கள். இரண்டு இடத்திலும் அவளால் இருக்க முடியாது. "பரிசை நீங்க பார்த்துக்கோங்க, நான் ரத்தத்தைப் பார்க்குறேன்" என்றாள் மனைவி. அப்போதாவது அவர் வாயைத் திறந்திருக்கலாம். "சரி" என்பதற்கு மட்டும் திறந்தார்.

பள்ளிக்கூட அரங்கில் மேடைக்கு ஐந்து படி. போட்டோக்காரர் முன்வரிசைக்கும் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து கேமராவைக் கண்ணில் வைத்தார். பெரியவள் பேர் கூப்பிட்டதும் எழுந்து வந்தாள். லென்ஸில் அவள் முகம் பெரிதாகத் தெரிந்தது. உதட்டில் சொட்டுச் சிவப்பு இல்லை. கண்ணெல்லாம் மஞ்சள். பெற்றவர் அந்த நேரத்தில் என்ன நினைத்தார் தெரியுமா? கண்ணைக் கொஞ்சம் வெளுத்து, கன்னத்தில் லேசாக நிறம் ஏற்றினால் சமாளித்துவிடலாம் என்று நினைத்தார்.

நாலாவது படியில் அவள் கைப்பிடியைப் பிடித்தாள். பிறகு அப்படியே உட்கார்ந்தாள். பிறகு சரிந்து கீழே வந்தாள். பழக்க தோஷம், அவர் விரல் பொத்தானை அழுத்திவிட்டது. அந்த 'க்ளிக்' சத்தம் அவருக்கே கேட்டது.

ஆட்டோவில் அவளை மடியில் போட்டுக்கொண்டு வார்டுக்குப் போய்ச் சேரும்போது அவருக்குச் சட்டையெல்லாம் வியர்வை. போகிற வழியிலேயே மனைவிக்குப் போன் செய்து, "மயக்கம் போட்டுட்டா, வா" என்று மட்டும் சொன்னார். பெரிய சிஸ்டர் ஓடிவந்தார். பெரியவளைக் கைக்குழந்தையிலிருந்து பார்க்கிறவர். ஒரு குத்திலேயே நரம்பைப் பிடித்து, ரத்த அளவைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"ஆறுதான் இருக்கு. போன செவ்வாயே வந்திருக்கணுமே சார். எத்தனை தடவை போன் போட்டேன், எடுக்கவே இல்லையே?"

"அது வந்து சிஸ்டர்..."

கண்ணை மூடிப் படுத்திருந்த பெரியவள் சொன்னாள், "எனக்கு ஜுரம் சிஸ்டர். அதான் வரல."

போட்டோக்காரருக்கு அந்த நிமிடம் வந்தது நிம்மதி. அதைச் சொல்லத்தான் வேண்டும். பதினோரு வயதுப் பெண் தன் மானத்தைக் காப்பாற்றிவிட்டாள் என்று மூச்சு விட்டார். அப்படி மூச்சு விட்டதை நினைத்துத்தான் இன்று வரை கூனிக் குறுகுகிறார்.

நிம்மதி நிலைக்கவில்லை. டாக்டர் வந்தார். "ஜுரமா? எத்தனை நாளா?" என்றார். "நாலு நாளா" என்றாள் பெரியவள். சொல்லிவிட்ட பொய்யை நடுவழியில் விட முடியுமா?

"இவங்களுக்கு ஜுரம்னா அலட்சியமா விடக்கூடாது" என்று டாக்டர் சிஸ்டரிடம் சொன்னார். "ரத்தம் ஏத்துறது இருக்கட்டும். முதல்ல ரெண்டு இடத்துல புதுசாக் குத்தி ரத்தம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்புங்க. கிருமி ஏதாவது இருக்கான்னு பார்க்கணும். அட்மிஷன் போட்டுருங்க."

பத்து வருடமாகக் குத்துப்பட்ட கைகள். நல்ல நரம்பு ஒன்றோ இரண்டோதான் மிச்சம், அதில் ஒன்றில் ஏற்கெனவே ஊசி இருந்தது. சிஸ்டர் இன்னொரு கையைத் தடவித் தடவிப் பார்த்து ஒரு இடத்தில் குத்தினார். வரவில்லை. பெரியவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். போட்டோக்காரர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் மனைவி ரத்த வங்கியிலிருந்து நேராக ஓடிவந்தாள். பின்னாலேயே கம்பெனிப் பெண்கள் இரண்டு பேர், முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி. நாலு நாளாக ஜுரமாம் என்று சிஸ்டர் சொன்னார்.

"ஜுரமா? ஏது ஜுரம்?" என்றாள் மனைவி. "தினம் நான்தானே தலை வாரி அனுப்புறேன். நேத்துகூட உடம்பு சில்லுன்னு இருந்துச்சே?"

"விட்டு விட்டு வருதும்மா. உனக்குத் தெரியாது" என்றாள் பெரியவள்.

கம்பெனிப் பெண் ஒருத்தி கலகலப்பான ஆள். சூழ்நிலையை லேசாக்க நினைத்து, "ஸ்டாக்கே இல்லேன்னு சொன்னீங்களேக்கா, அங்க பார்த்தா பிரிட்ஜு நிறைய அடுக்கி வெச்சிருக்காங்க! வந்தது வந்தோம்னு குடுத்துட்டுத்தான் வந்தோம்" என்றாள்.

சிஸ்டர் ஊசியோடு நிமிர்ந்தார். "ஸ்டாக் இல்லேன்னு யாரு சொன்னா? இவங்க ரெண்டு பேருக்கும் போன செவ்வாயே எடுத்து வெச்சுட்டுக் காத்திருந்தோமே?"

மனைவி கணவரைப் பார்த்தாள். இன்னும் புரியவில்லை அவளுக்கு, புரிந்துவிடுமோ என்ற பயம்தான் அந்தப் பார்வையில் இருந்தது. சிஸ்டர் அடுத்த இடத்தைத் தேடி, புறங்கையில் பஞ்சால் துடைத்தார். பெரியவள் ஊசியைப் பார்க்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள், சொல்லிவிடாதீர்கள் என்கிற மாதிரி.

"குத்தாதீங்க சிஸ்டர்." அவர் குரல் அவருக்கே யாருடையதோ மாதிரி கேட்டது. "அவளுக்கு ஜுரமே இல்ல. நான்தான் கூட்டிட்டு வரல. கல்யாணத்துல பிள்ளைங்க சிவப்பாத் தெரியணும்னு தள்ளிப் போட்டேன். ஸ்டாக் இல்லேன்னு வீட்டுல சொன்னதும் பொய்தான்."

வார்டில் ஒன்பது கட்டில். ஒன்பது கட்டிலிலும் அதே நோய்க்காரப் பிள்ளைகள், பக்கத்தில் அம்மாவோ அப்பாவோ. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். எதிர்க்கட்டில் அம்மா ஒருத்தி தன் மகளின் போர்வையைச் சரிசெய்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கலகலப்பான பெண் தன் கையிலிருந்த பஞ்சைப் பார்த்தாள்.

டாக்டர்தான் பேசினார். "பொடியனுக்கும் எட்டு நாள் தள்ளிப்போயிருக்கு, அப்படித்தானே? அவனை உடனே கூட்டிட்டு வாங்க. சிஸ்டர், நீங்க ஏத்த ஆரம்பிங்க."

மனைவி கதவு வரைக்கும் போய்த் திரும்பினாள். "ஒவ்வொருத்தர் மிஷின் முன்னாடியும் போய்க் கையேந்தி நின்னேன்" என்றாள். பொடியனைக் கூட்டிவரப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டாள். அந்த இரண்டு பெண்களும் சொல்லிக்கொள்ளாமலேயே அவள் பின்னால் போனார்கள்.

ரத்தம் ஏற ஆரம்பித்தது. போட்டோக்காரர் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அவருக்கு மகளின் முகத்தைப் பார்க்கக் கூசியது. குழாயைப் பார்த்துக்கொண்டே, "எனக்காக நீ ஏம்மா பொய் சொன்ன?" என்றார்.

"உங்களுக்காக ஒண்ணும் சொல்லல."

"பின்ன?"

"அன்னைக்கு நீங்க பேசுனப்போ போன்ல சார்ஜே இல்லாம அணைஞ்சு கிடந்துச்சு. நான்தான் அதை எடுத்து உங்க கையில குடுத்தேன். அப்பவே எனக்குத் தெரியும்."

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "தெரிஞ்சுமா? அப்ப அம்மாகிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா செவ்வாய்க்கிழமையே ஏத்தியிருப்பாங்க. கல்யாணத்தன்னைக்கு நான் வெளுத்துப் போயிருப்பேன்." அவள் பையிலிருந்து விழும் சொட்டுகளைப் பார்த்துக்கொண்டு, கணக்குச் சொல்வது மாதிரி நிதானமாகச் சொன்னாள். "அம்மா சூப்பர்வைசர் ஆனப்போ கம்பெனி வாசல்ல எல்லாரையும் நிக்க வெச்சு எடுத்தீங்கல்ல? அன்னைக்கு எலுமிச்சை வாரம். தம்பி வரல, வந்த என்னையும் தண்ணி வாங்கிட்டு வரச் சொல்லி அனுப்பிட்டீங்க. நான் வந்து பார்க்குறதுக்குள்ள எடுத்து முடிச்சுட்டீங்க."

போட்டோக்காரருக்கு அது நன்றாகவே ஞாபகம் இருந்தது. அவளுக்குத்தான் ஞாபகம் இருக்காது என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார்.