மாடி அறைக்காரன்

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் சுந்தரராமன் வீட்டு மாடி அறைக்கு ஒரே ஒரு சாவி. அது எப்போதும் அவர் பூணூலில் தொங்கும். கொழும்பில் கப்பல் கம்பெனி ஒன்றில் என்ஜினீயராக இருந்த தம்பி ஸ்ரீகண்டனின் அறை அது. வருஷத்தில் ஒரு தடவை, அப்பாவின் திவசத்துக்கு வந்து சில நாட்கள் தங்கிவிட்டுப் போவான். மற்ற நாளெல்லாம் அறை பூட்டிக் கிடக்கும். வெள்ளிக்கிழமைதோறும் சுந்தரராமன் அதைத் திறந்துவிட்டுப் பெருக்கச் சொல்லி, கூடவே நின்று பார்த்துவிட்டு மறுபடி பூட்டுவார். மகள் கல்யாணத்தின்போது கூட்டம் தாங்காமல், சம்பந்தி அங்கே ஒரு ராத்திரி படுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அது தம்பி அறை என்று சொல்லிவிட்டார் இவர். சம்பந்திக்கு அந்த மனத்தாங்கல் இன்றுவரை தீரவில்லை.

சுந்தரராமன் சப் ரிஜிஸ்திராராக இருந்து ஓய்வு பெற்றவர். உத்தியோகத்தில் அவர் அதிகம் பார்த்தது பாகப்பத்திரங்களைத்தான். கூடப் பிறந்தவர்கள் அவர் மேஜைக்கு முன்னால் வந்து, தென்னையையும் கிணற்றையும்கூடப் பிரித்துக்கொண்டு, ஒருவர் முகத்தை மற்றவர் பாராமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அவர் முத்திரை குத்துவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் குளிப்பார். தன் வீட்டு வாசற்படியை அந்த மாதிரிக் காகிதம் தாண்டாது என்ற அவருடைய கர்வம் தெருவுக்கே தெரியும்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் ஊருக்கு வந்த ஸ்ரீகண்டன், திவசத்துக்கு மூன்று நாள் முன்னால் வக்கீல் ராமசுப்ரமணியனை வீட்டுக்கு அழைத்து வந்தான். வக்கீல் புதிய வருமான வரிச் சட்டத்தை எடுத்துச் சொன்னார். வெளிநாட்டில் சம்பாதிக்கிறவனுக்காக இங்கே ஒரு வீடு பராமரிக்கப்படுகிறது என்றால், அந்த வருஷம் அவன் ஒரு நாள் இங்கே காலடி வைத்தாலும் போதும், சட்டம் அவனை இந்த ஊர்வாசியாகவே எண்ணும். அவன் கொழும்பில் வாங்கும் சம்பளமும் இங்கே வரிக்கு வரும். வீடு வாசல் இல்லாமல், எப்போதாவது உறவினரைப் பார்க்க வந்து போகிறவனுக்கு அந்தத் தொல்லை கிடையாது. நோட்டீஸ் வந்துவிட்டது. திவசத்துக்கு மறுநாள் வரி ஆபீஸர் சத்தியநேசன் முன்னிலையில் விசாரணை.

அதற்காக வக்கீல் ஒரு சத்தியவாக்குமூலம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஸ்ரீகண்டன் பாகம் பிரிந்தவன். திருவனந்தபுரத்தில் அவனுக்கு வீடு கிடையாது. அண்ணா வீட்டுக்கு விருந்தாளியாக வந்து போகிறான். அண்ணாவும் தம்பியும் கையெழுத்துப் போட்டால் விஷயம் முடிந்தது.

ஸ்ரீகண்டன் தன் பக்கத்தையும் சொன்னான். கொழும்பிலேயே வரி பிடிக்கிறார்கள், இரண்டு பெண்கள் வளர்ந்து நிற்கிறார்கள், ஒரே சம்பளத்துக்கு இரண்டு சர்க்காருக்கு எப்படிக் கொட்டி அழுவது என்றான்.

சுந்தரராமன் காகிதத்தைப் படித்து முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுல உண்மை எந்த வரியில இருக்கு, வக்கீல்வாள்?"

"பொய்னு பறயப்படாது. இது ஒரு வியாக்கியானம் ஆக்கும்."

"என் தம்பியை என் வீட்டுக்கு விருந்தாளின்னு எழுதற பேனா இந்த வீட்ல கிடையாது."

அண்ணாவின் கையெழுத்து இருந்தால் பலம், இல்லாவிட்டால் தம்பியின் கையெழுத்தே போதும் என்று வக்கீல் சமாதானம் சொன்னார். ஸ்ரீகண்டனுக்கும் ரோஷம் வந்துவிட்டது. ஜன்னல் கட்டையில் காகிதத்தை வைத்து, அண்ணாவின் கண்ணெதிரிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். வக்கீல் அதை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அன்று மாலை ஸ்ரீகண்டன் சங்குமுகம் கடற்கரைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது, அவனுடைய பெட்டியும் படுக்கையும் முன்கூடத்தில் இருந்தன. மாடி அறை பூட்டியிருந்தது. சுந்தரராமன் வாசலுக்கே வந்து கைகூப்பினார்.

"வாங்கோ, வாங்கோ. பிரயாணமெல்லாம் சௌகரியம்தானே? எப்போ புறப்பாடு?"

ஸ்ரீகண்டன் சிரித்தான். அண்ணா சிரிக்கவில்லை. செம்பில் தண்ணீர் வந்தது. காப்பிக்குச் சர்க்கரை எவ்வளவு போடலாம் என்று கேள்வி வந்தது. சாப்பாட்டுக்குப் பெரிய நுனி இலையாகப் பார்த்துக் கூடத்தில் தனியாகப் போடச் சொன்னார். பரிமாறிய மன்னி லலிதாம்பாள் தலை நிமிரவில்லை. ஏழு வயதில் தாயை இழந்த ஸ்ரீகண்டனுக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் அவள்.

மறுநாள் ஸ்ரீகண்டனுக்குச் சிரிப்பு வரவில்லை. வழக்கம்போல் மோர் எடுத்துக்கொள்ள அடுக்களைப் பக்கம் எழுந்தவனைச் சுந்தரராமன் மறித்தார்.

"உக்காருங்கோ. வந்தவா எழுந்து போய் எடுத்துக்கப்படாது. எங்களுக்குக் கொறச்சல் ஆக்கும்."

இந்த விளையாட்டு எத்தனை நாளைக்கு என்று லலிதாம்பாள் அடுக்களையில் கணவரிடம் மல்லுக்கு நின்றாள். விளையாட்டை ஆரம்பித்தது தான் இல்லை, கையெழுத்துப் போட்டவன்தான் என்று சொல்லிவிட்டு அவர் அந்தண்டை போய்விட்டார்.

திவசத்தன்று நாகேஸ்வர சாஸ்திரிகள் வந்து தர்ப்பையை எடுத்து வைத்தார். ஸ்ரீகண்டன் குளித்து, ஈர வேஷ்டியோடு, எப்போதும்போல் அண்ணாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். சுந்தரராமன் அவனைப் பார்க்காமல் பேசினார்.

"சாஸ்திரிகளே, பாகம் பிரிஞ்ச தம்பி திவசத்தை எங்கே பண்ணணும்?"

"தனியாப் பண்ணணும். அவா அவா வீட்ல."

"இவர் பாகம் பிரிஞ்சவர். சத்தியம் பண்ணி எழுதிக் குடுத்திருக்கார். இங்கே உக்காரப்படாது."

சாஸ்திரிகள் கையிலிருந்த தர்ப்பை அப்படியே நின்றது. ஸ்ரீகண்டன் அண்ணாவின் பக்கம் திரும்பினான்.

"அண்ணா, அது சர்க்காருக்காக எழுதினது."

"சர்க்காருக்கு ஒரு பேச்சு, அப்பாவுக்கு ஒரு பேச்சா? வீடு இல்லேன்னா இல்லைதான். கொழும்புல வீடு இருக்கோல்லியோ, அங்கே போய்ப் பண்ணு, போ."

அந்தக் கோபத்தில் மரியாதைப் பன்மை போய்விட்டது. மடியாக நின்றிருந்த லலிதாம்பாள் அதைக் கவனித்தாள்.

ஸ்ரீகண்டன் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினான். தம்பானூருக்குப் போய் ரயிலேறிவிடுவான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சாஸ்திரிகள் முற்றத்து வெயிலைப் பார்த்தார். ஆரம்பிக்கலாமா என்று கேட்டார். இன்னும் போது இருக்கிறது என்றார் சுந்தரராமன். மணையில் உட்கார்ந்தவரின் முதுகு வளையவில்லை. ஆனால் விரல்கள் பூணூலிலிருந்த சாவியைத் திருகிக்கொண்டே இருந்தன. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போன எந்தத் தம்பியும் திரும்பி வந்து அவர் பார்த்ததில்லை. இவனும் வராவிட்டால் அப்பாவுக்குத் தனியாகத்தான் பிண்டம் வைக்க வேண்டும். அதற்காகக் கூப்பிட்டுவிட ஆள் அனுப்புவதா? அது நடக்காது.

முற்றத்து வெயில் அடுத்த தூணைத் தொடுவதற்குள் ஸ்ரீகண்டன் வந்துவிட்டான். கையில் வக்கீலிடமிருந்து வாங்கிய காகிதம்.

"வக்கீல் நன்னாத் திட்டினார். கிழிச்சுப் போடட்டுமா?"

"ஆபீஸர் முன்னால கிழி. இப்போ போய்த் தலையில ரெண்டு சொம்பு விட்டுண்டு வா. சாஸ்திரிகளுக்கு நாழியாறது."

மறுநாள் அண்ணாவும் தம்பியும் வரி ஆபீஸுக்குப் போனார்கள். சத்தியநேசன் மரியாதை தெரிந்தவர். தாக்கல் செய்யக் காகிதம் எதுவும் இல்லை என்றதும், பெரியவரையே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றார்.

"உங்க தம்பி ஊருக்கு வந்தா நீங்க தங்க எடம் குடுக்கிறீங்க. அவ்வளவுதானே, பெரியவரே? நிதானமா யோசிச்சுச் சொன்னாப் போதும்."

ஆபீஸர் தப்பிக்க ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார் என்பது சுந்தரராமனுக்குப் புரிந்தது. ஆம் என்று தலையை ஆட்டினால் போதும். அவர் எழுந்து நின்றார்.

"நான் எடம் குடுக்கலை. அவன் வீட்ல அவன் தங்கறான். அதே வீட்ல நானும் இருக்கேன். அவன் ஊர்ல இல்லாததனால சாவி எங்கிட்ட இருக்கு. எழுதிக்கோங்கோ."

சத்தியநேசன் ஸ்ரீகண்டனைப் பார்த்தார். ஸ்ரீகண்டன் காகிதத்தை நான்காகக் கிழித்து, அண்ணா சொன்னது சரி என்றான். ஆபீஸர் பேனாவை மையில் தோய்த்தார்.

திரும்பி வரும்போது இருவரும் கோட்டை வாசலைத் தாண்டினார்கள்.

"எவ்வளவு வரி வரும்னு அண்ணாவுக்கு ஓர்மை இருக்கோ?" என்று தம்பி கேட்டான்.

"வரட்டும். வீடு உள்ளவனைத் தேடித்தானே வரி வரும். உன் சம்பளம் போறலேன்னா என் பென்ஷன் இருக்கு. தோப்பு இருக்கு, அது நம்ம ரெண்டு பேருக்கும் பொதுதான். சம்பந்தி வீட்ல போய்க் கடன் கேக்கற நிலைமை நமக்கு வராது."

வெயிலில் நடந்து வந்த தாகம். வீட்டுக்குள் நுழைந்ததும் ஸ்ரீகண்டன் நேரே அடுக்களைக்குப் போய் மோர்ப் பானையில் கைவைத்தான். கூடத்திலிருந்து சுந்தரராமனின் குரல் தெரு முழுக்கக் கேட்டது.

"காலை அலம்பாம எங்கேடா போறே, கழுதை?"

மன்னி தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கொழும்பில் நூறு பேரை அதட்டி வேலை வாங்குகிற என்ஜினீயர் காலை அலம்பக் கிணற்றடிக்குப் போனான்.