ஆப்பத்தில் வந்த வரி

1974ஆம் ஆண்டு தவக்காலத்தின் முதல் திங்கட்கிழமையிலிருந்து, தூத்துக்குடி கொடிமரத் தெருவில் வார்த்த ஒவ்வொரு ஆப்பத்திலும் 'எனக்குக் கோவமில்ல, வந்துருங்க' என்று பழுப்பு நிறத்தில் எழுதியிருந்தது. அந்த வாரம் சாளை மீன் மலிவு, மண்ணெண்ணெய் தட்டுப்பாடு. தோசை, சுட்ட கருவாடு, இஸ்திரி போட்ட சட்டை முதுகு என்று சூடுபட்டதில் எல்லாம் அதே வரிதான். கையெழுத்து யாருடையது என்பதில் தெருவுக்குச் சந்தேகமே இல்லை. அப்படி வாலை நீட்டிச் சுழிக்கிறவன் அங்கே அம்புரோஸ் ஒருவன்தான்.

அம்புரோஸ் கப்பல் ஏஜெண்ட் ஆபீஸில் குமாஸ்தா, கல்யாணமாகாதவன். எழுதப் படிக்கத் தெரியாத பேபிக்கு மூன்று வருஷமாகச் சனிக்கிழமைதோறும் கடுதாசி எழுதிக் கொடுத்தான். அவள் புருஷன் ரோச் சண்டை போட்டுவிட்டுக் கொழும்புக்குத் தோணி ஏறியவன். அவள் கடைசியில் தவறாமல் சொல்லும் அந்த ஒரு வரியை மட்டும் அம்புரோஸ் மையில் எழுதவில்லை. அவள் போன பிறகு, தீக்குச்சியை எலுமிச்சைச் சாற்றில் தோய்த்து எழுதினான். சூடு காட்டினால்தான் தெரியும். நாசரேத் பள்ளிக்கூடத்தில் படித்தபோது பழகிய வித்தை. ரோச் வந்துவிட்டால் கடுதாசி நின்றுபோகும், அவள் வருவதும் நின்றுபோகும். எதையும் எழுதாமல் விடவில்லையே என்று மனசாட்சிக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டான். வெட்கங்கெட்ட சமாதானம்தான்.

தெருவே வாசித்தது, அவளிடம் சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை. ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை பேபி தட்டில் ஆப்பத்தோடு வந்தாள்.

"இதுல என்ன எழுதிருக்கு அண்ணாச்சி? கேட்டா எல்லாரும் தலையக் குனிஞ்சிக்கிடுதாங்க."

அம்புரோஸ் வாசித்துக் காட்டினான்.

"இது நான் சொன்னதுல்லா? அப்போ அவுகளுக்குப் போவலயா?"

"போச்சு பேபி. கண்ணுக்குத் தெரியாம போச்சு."

அவள் தட்டைக் கீழே வைத்தாள். "தெரியுத மாதிரி எழுதுங்க" என்றாள். அவன் நீல மையில் பெரிதாக எழுதி முடிக்கும்வரை நின்றாள்.

அந்தக் கடுதாசி போன நாற்பதாம் நாள் ரோச் வந்து இறங்கினான். பேபியோடு, ஒரு டின் தேயிலையும் எடுத்துக்கொண்டு அம்புரோஸைப் பார்க்க வந்தான்.

"முன்னமே வான்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா அன்னைக்கே வந்திருப்பேன் அண்ணாச்சி" என்று அம்புரோஸின் கையைப் பிடித்துக்கொண்டான். வாசலில் நின்ற பேபி எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. அவள் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அம்புரோஸுக்கு.

மறுநாள் தெருவில் ஆப்பம் வெள்ளையாக வந்தது. அம்புரோஸின் அடுப்பில் மட்டும் வரி வருவது நிற்கவில்லை. முதலில் எழுத்தை அடியில் கவிழ்த்து வைத்துத் தின்றான். 1979 வாக்கில், விருந்தாளி இருந்தாலும், கவிழ்ப்பதை விட்டுவிட்டான்.