திருப்பி அனுப்பிய மெஷின்

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்ட வாரத்தில் பாக்கியலட்சுமியின் வாஷிங் மெஷின் நின்றுபோனது. துணி பிழிய ஆரம்பித்ததும் தடதடவென்று ஆடி, பின்பக்க வராந்தாச் சுவரில் இரண்டு முறை இடித்து, ஓர் உறுமலோடு அடங்கிவிட்டது. மூடியைத் திறந்தாள். மாமனாரின் படுக்கை விரிப்புகள் சோப்புத் தண்ணீரில் அப்படியே மிதந்தன.

முத்தியால்பேட்டையில் இருந்த அந்த வீட்டில் இரண்டு குடும்பங்கள், ஒரே சமையல். பாக்கியலட்சுமியின் கணவன் கலைவாணன் மூத்தவன். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தான். இளையவன் வெற்றிச்செல்வன் நோணாங்குப்பத்தில் சுற்றுலாப் படகு ஓட்டினான். அவன் மனைவி சரிதா கடற்கரைப் பக்கம் ஒரு ஹோட்டலில் வரவேற்பில் வேலை பார்த்தாள். மாமனார் ஜானகிராமன் மில்லில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மாமியார் காலமாகி வெகுநாள் ஆகியிருந்தது. ஆடி மாதம் ஜானகிராமன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் நடந்தும் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. டயபர் கட்டினால் தோல் புண்ணாகிப்போனது. அதனால் தினம் விரிப்புகள் நனைந்தன, தினம் துவைக்க வேண்டியிருந்தது. அந்த வேலை முழுக்கப் பாக்கியலட்சுமியுடையது.

மெஷினும் அவளுடையதுதான். அவள் கல்யாணத்துக்குப் பாகூரிலிருந்து அவள் அப்பா சீர்வரிசையாக அனுப்பியது. அன்றைக்கு இந்த வீட்டில் ஃபிரிட்ஜ்கூடக் கிடையாது. மாமியார் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமைப்பட்டதை அவள் மறக்கவே இல்லை.

அன்று சாயந்திரம் சாப்பாட்டின்போது சரிதாதான் பேச்சை எடுத்தாள். இத்தனை வருஷம் உழைத்த மெஷின், இனிமேல் அதில் செலவு செய்வது வீண், புதிதாகவே ஒன்று வாங்கிவிடலாம் என்றாள். முன்பக்கம் கதவு வைத்தது, வெந்நீரில் துவைப்பது, மழைக்காலத்துக்கு முக்கால்வாசி காய்ந்தே துணி வெளியே வரும் என்றாள். தவணையைத் தன் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளச் சொல்வதாகவும் சொன்னாள். வெற்றிச்செல்வன் தலையாட்டினான். கலைவாணனும், “நல்லதுதானே, உனக்குத்தான சிரமம் கொறையும்” என்று மனைவியைப் பார்த்தான்.

பாக்கியலட்சுமி குழம்பை ஊற்றியபடியே ரிப்பேர் செய்தால் ஓடும் என்றாள். சரிதா வீட்டுக்கு வந்து நாலு வருஷம்தான் ஆகிறது. கூடத்து டிவி அவள் வாங்கியது. மாமனாரின் கட்டிலும் அவள் வாங்கியது. தலைப்பக்கம் உயரும் ஆஸ்பத்திரிக் கட்டில். பாக்கியலட்சுமிக்கு மிச்சமிருந்தது பின்பக்க வராந்தாவில் மெஷின் நின்ற அந்த ஒரு மூலை. இனி அதுவும் அவளுடையதாகிவிடும்.

அதைவிட அதிகமாக உறுத்திய ஒன்று உண்டு. சாயந்திரம் வேலையிலிருந்து வந்ததும் சரிதா முகம் கழுவி, பவுடர் போட்டுக்கொண்டு மாமனாரின் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருவாள். ஹோட்டலுக்கு வந்தவர்களின் கதைகளைச் சொல்வாள். சின்ன வயதில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் கொஞ்சநாள் படித்த ஜானகிராமன் அவளை “போன்ழூர் மதாம்” என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லி வரவேற்பார். இரண்டு பேரும் சிரிக்கும் சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்கும். பாக்கியலட்சுமியிடம் அவர் அப்படி ஒருநாளும் சிரித்ததில்லை. விரிப்பை மாற்ற அவள் உள்ளே போனால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். மாற்றி முடியும்வரை ஒரு வார்த்தை பேச மாட்டார். மூத்திரம் அள்ளுகிறவள் நான், சிரிப்பு அவளுக்கா என்று தோசை வார்க்கும்போதெல்லாம் அவளுக்குத் தோன்றும். தோன்றியதும் தோசை கருகும்.

மறுநாள் அவளே போன் செய்து கலியபெருமாளை வரவழைத்தாள். தெருவில் பாதி வீடுகளுக்கு மெஷின், ஃபிரிட்ஜ் எல்லாம் பார்ப்பவர் அவர். பின்மூடியைக் கழற்றி, டிரம்மைக் கையால் சுற்றிப் பார்த்தார். பேரிங் போய்விட்டது, அதைத் தாங்கும் ஷாஃப்டும் தேய்ந்திருக்கிறது என்றார். பேரிங்கை மாற்றித் தர முடியும், ஷாஃப்ட் இந்த மாடலுக்கு இப்போது வருவதில்லை.

“மாத்திக் குடுத்துடுறேம்மா. ஆனா எவ்ளோ நாளைக்குன்னு கேக்காதீங்க. எங்க வீடா இருந்தா நான் புதுசு வாங்கிடுவேன்” என்றார்.

அவள் மாற்றச் சொன்னாள். அந்த வாரம் மெஷின் ஓடியது. அந்த வாரம் முழுக்க அவள் நல்ல மனநிலையில் இருந்தாள். சரிதாவுக்குப் பிடிக்குமென்று இறால் தொக்குகூட வைத்தாள். அடுத்த வாரத் தொடக்கத்தில் வராந்தா முழுக்க எண்ணெய் கலந்த தண்ணீர் பரவியது. கலியபெருமாள் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

அன்றைக்கே சரிதா கடையில் புது மெஷினுக்குச் சொல்லிவிட்டாள். யாரையும் கேட்காமல் செய்யவில்லை. எல்லோர் எதிரிலும் போனிலேயே படத்தைக் காட்டினாள். பழையதைக் கொடுத்தால் விலையில் கொஞ்சம் கழிப்பார்களாம் என்றாள். உள்ளே படுத்திருந்த ஜானகிராமன், “சரிதா சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று குரல் கொடுத்தார். அந்த ஒரு வாக்கியம் பாக்கியலட்சுமிக்கு இரவெல்லாம் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது.

மெஷின் வந்த நேரத்தில் வீட்டில் அவளும் மாமனாரும்தான் இருந்தார்கள். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். தூறலில் ஒரு குட்டி லாரி வந்து நின்றது. இரண்டு ஆட்கள் பெரிய அட்டைப்பெட்டியை இறக்கப் போனார்கள். பெட்டியின் மேல் சரிதாவின் பெயர் பெரிதாக எழுதியிருந்தது. பாக்கியலட்சுமி வாசலிலேயே நின்றாள்.

“வேணாம்பா. நாங்க வேணாம்னு முடிவு பண்ணிட்டோம். எடுத்துட்டுப் போங்க.”

அதைச் சொல்லப்போகிறோம் என்று அதற்கு முந்தின நிமிடம்வரை அவளுக்கே தெரியாது. ஆட்கள் கடைக்குப் போன் செய்தார்கள், முணுமுணுத்தார்கள், லாரியைத் திருப்பினார்கள். லாரி தெருமுனையைத் தாண்டியதும் அவளுக்குப் பயம் வந்தது. ஆனால் அந்தப் பயத்துக்குள்ளே ஒரு சந்தோஷமும் இருந்தது.

சரிதா வந்ததும் சண்டை வெடிக்கும் என்று காத்திருந்தாள். வெடிக்கவில்லை. சாப்பிடும்போது கலைவாணன் மெஷின் எப்போது வரும் என்று கேட்டான். கடையில் சரக்கு தீர்ந்துவிட்டதாம், வந்ததும் சொல்வார்களாம் என்றாள் சரிதா, தட்டைப் பார்த்தபடி. கடைக்காரர்கள் அவளிடம் சொல்லாமல் இருந்திருக்க மாட்டார்கள். ஒரு பொய்யைச் சொல்லும்போதுகூட இவளுக்குக் குரல் எப்படி இத்தனை அழகாக நிற்கிறது என்று பாக்கியலட்சுமிக்கு எரிச்சலாக வந்தது. இவள் சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று தோன்றியது.

பிறகு பாக்கியலட்சுமி கையாலேயே துவைத்தாள். காலையில் ஒரு பக்கெட், மதியம் ஒரு பக்கெட். விரிப்பு நனைந்தால் கல் மாதிரி கனத்தது. மழையில் எதுவும் காயவில்லை. கூடத்திலும் அறையிலும் கயிறு கட்டி, ஃபேனுக்குக் கீழே உலர்த்தினாள். வீடு முழுக்க ஈர வாடை அடித்தது. விரல் இடுக்குகளில் சேற்றுப்புண் வந்தது. கலைவாணன் பார்த்துவிட்டு, நான் போய் வேறு கடையில் வாங்கி வரட்டுமா என்று கேட்டான். வேண்டாம், என்னால் முடிகிறது என்றாள். தான் படுகிற பாட்டை மாமனார் பார்க்கட்டும் என்று அவர் அறைக் கதவுக்கு நேராகவே பக்கெட்டை வைத்துத் துவைத்தாள். அவர் பார்த்தார். பார்த்துவிட்டு வழக்கம்போலச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாளாக ஆக விரிப்புகள் குறைவாக நனைந்தன. உடம்பு தேறி வருகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். சாயந்திரத்தில் சிரிப்புச் சத்தமும் குறைந்ததை அவள் கவனித்தாள். கவனித்து, உள்ளூர மகிழ்ந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருக்குக் குளிர் தூக்கிப்போட்டது. உடம்பு அனலாகக் கொதித்தது. பேச்சு குழறியது. மகன்கள் இருவரும் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். சரிதாவும் கூடவே போனாள். சிறுநீரில் கிருமித் தொற்று என்று சேர்த்துக்கொண்டார்கள்.

மதியம் பாக்கியலட்சுமி கஞ்சி எடுத்துக்கொண்டு போனபோது வார்டு வாசல் பெஞ்சில் சரிதா மட்டும் உட்கார்ந்திருந்தாள். ஆண்கள் மருந்து வாங்கப் போயிருந்தார்கள். ஊசி போட்டதில் மாமா தூங்குகிறார், ஆபத்து ஒன்றும் இல்லை என்றாள். பவுடர் இல்லாத முகம் களைத்துக் கறுத்திருந்தது. கஞ்சித் தூக்கை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள்.

“அக்கா, மாமா தண்ணி குடிக்கறதயே நிறுத்திட்டு இருந்திருக்காரு. உங்களுக்குத் தெரியுமா?”

பாக்கியலட்சுமிக்குப் புரியவில்லை. காலையில் வைக்கிற சொம்பு மாலையில் காலியாகத்தானே இருக்கும் என்றாள்.

“ஜன்னல் வழியா ஊத்திட்டு இருந்திருக்காரு. டாக்டர் ஏன் தண்ணியே குடிக்கலன்னு கேட்டாரு. மெஷின் ஓடல, பெரிய மருமவ கையால தொவைக்குது, அது கையெல்லாம் புண்ணுன்னு மாமா சொல்றாரு. ‘அந்தப் பொண்ணு மொகத்தப் பாக்கவே எனக்கு வெக்கமா இருக்கு டாக்டர்’னு சொல்லி அழுதுட்டாரு.”

பாக்கியலட்சுமி பெஞ்சில் உட்கார்ந்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளும் அந்த முகத்தை இத்தனை நாள் என்னவென்று நினைத்திருந்தோம் என்று அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

“நான்தான் திருப்பி அனுப்பிட்டேன்” என்றாள்.

“தெரியும். கடையிலேருந்து அன்னிக்கே போன் பண்ணிட்டாங்க.” சரிதாவின் குரல் முதல்முறையாகக் கரகரத்தது. “மறுநாளே திரும்ப வரவெச்சிருக்கலாம். வேணும்னுதான் விட்டேன். திமிருக்கு நல்லாத் தொவைக்கட்டும்னு விட்டேன். அதனால உங்கள மட்டும் சொல்றதுக்கு எனக்கு வாய் இல்ல.”

கம்பவுண்டுக்கு வெளியே மழை மறுபடி பிடித்தது. சரிதா தூக்கின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

“நான் தெனம் கதை சொல்லி, சிரிக்கவெச்சுப் பாத்தேன்க்கா. அதெல்லாம் வந்த விருந்தாளிகிட்ட சிரிக்கற சிரிப்பு. எனக்காக யாரும் தண்ணி குடிக்காம கெடந்ததில்ல.”

அவள் அதைப் பொறாமையோடுதான் சொன்னாள். அந்தப் பொறாமை பாக்கியலட்சுமிக்குத் தன் கை ரேகை போலத் தெரிந்தது. மற்றொரு நாளாக இருந்தால் அதைக் கேட்டு அவள் ஆனந்தப்பட்டிருப்பாள். இன்று ஒரு மனிதரைக் கட்டிலில் காயப்போட்டுக் கிடைத்த பெருமை அது என்று உடம்பு கூசியது. கடை நம்பரைக் கேட்டு வாங்கி, அங்கேயே நின்று அவளே பேசினாள். மெஷினை நாளைக்கே அனுப்புங்கள், வீட்டில் நான் இருப்பேன் என்றாள்.

மறுநாள் அதே ஆட்கள் வந்தார்கள். அவளை அடையாளம் கண்டு, இந்த முறை நிச்சயம்தானே என்று கேட்டார்கள். அவள் முன்னால் நடந்து வழி காட்டினாள். பழைய மெஷினை அவர்கள் சாய்த்துத் தூக்கியபோது அடியில் துருப்பிடித்த வட்டம் தெரிந்தது. அப்பாவிடம் போனில் சொன்னாள். அவர் அதற்கு ஒன்றும் வருத்தப்படவில்லை. இத்தனை வருஷம் ஓடியதே பெரிசு என்று சொல்லிவிட்டு நாற்று அழுகிப்போனதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

புது மெஷின் நன்றாகத்தான் துவைத்தது. அது நன்றாகத் துவைப்பது அவளுக்கு முதலில் பிடிக்கவில்லை. இரண்டு விரிப்புகளை வெளியே எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். கதகதப்பாக, ஈரம் தெரியாமல் இருந்தன.

ஜானகிராமன் அந்த வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்தார். லாரி திரும்பிப்போன கதை அவருக்கும் தெரியாது, மகன்களுக்கும் தெரியாது. சரிதா யாரிடமும் சொல்லவில்லை. அவள் சொல்லாமல் இருப்பது பாக்கியலட்சுமிக்கு நன்றியாகவும் இருந்தது, முள்ளாகவும் இருந்தது.

விரிப்பு மாற்றப் போனபோது அவர் பழக்கப்படி முகத்தைத் திருப்பினார். அவள் கட்டிலைச் சுற்றிக்கொண்டு சுவர்ப் பக்கமே போய் நின்று, சொம்பை நீட்டினாள்.

“குடிங்க மாமா. ஈரமானா மெஷின் தொவைக்கும். எனக்கு ஒரு வேலையும் இல்ல.”

அவர் அவள் விரல்களைப் பார்த்தார். பிறகு சொம்பை வாங்கி, நிறுத்தி நிறுத்தி, முழுக்கக் குடித்தார்.

சாயந்திரம் சரிதா வந்து நாற்காலியை இழுத்துப்போட்டாள். “போன்ழூர் மதாம்” என்ற குரல் அடுப்படிக்குக் கேட்டது. பாக்கியலட்சுமிக்கு இப்போதும் சுருக்கென்றது. அடுப்பை அணைத்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, என்ன கதை என்று கேட்க அவளும் உள்ளே போனாள்.