செப்புக்குடத்துத் தண்ணீர்

ஓசூரில் வேலை கிடைத்ததும் அபிநயா தன் இறால் தொட்டியைத் தேவசேனாவிடம் விட்டுப் போனாள். இருவரும் விலங்கியல் ஒன்றாகப் படித்தவர்கள்.

"எங்க வீட்ல வெச்சா எங்கப்பா வறுத்துடுவாருடி. உங்க வீடுதான் சேஃப். யாரும் திங்க மாட்டீங்க."

தேவசேனாவின் அப்பா கோயிலில் குருக்கள். அம்மா மங்களாம்பிகை தொட்டியைப் பார்த்ததும், "நம்மாத்துல எறாலா? நன்னாயிருக்கு" என்றாள். தொட்டி மாடிப்படிக்கு அடியில் போனது. மூன்று மாதம் அம்மா அந்தப் பக்கமே திரும்பவில்லை.

நாற்பது இறால்கள். நகத்தளவு, குங்குமச் சிவப்பு. பசியோடு இருக்குமோ என்று தேவசேனா அள்ளி அள்ளித் தீனி போட்டாள். மிஞ்சிய தீனியில் புழு வந்தது. கண்ணாடியில் வெள்ளை நூல் துண்டுகள் போல ஊர்ந்தன. லென்ஸ் வைத்துப் பார்த்தாள்: முக்கோணத் தலை, இரண்டு கண்புள்ளி. பிளனேரியா. இரண்டாம் வருட ஆய்வகத்தில் இதைப் பிளேடால் இரண்டாக வெட்டி, இரண்டும் முழுப் புழுவாக வளர்வதை நோட்டில் வரைந்திருக்கிறாள். ஆகவே நசுக்கவில்லை. ஆனால் விட்டுவைத்தால் இறால் குஞ்சுகளைத் தின்றுவிடும்.

கொட்டைப் பாக்கு ஊறிய தண்ணீர் புழுவைக் கொல்லும், இறாலை ஒன்றும் செய்யாது என்று படித்தாள். அர்ச்சனைத் தட்டில் வந்த பாக்கு வீட்டில் டப்பா டப்பாவாக இருந்தது.

"சுவாமி பாக்கை எடுத்துப் புழுவைக் கொல்லப் போறியா? அதுவும் ஒரு ஜீவன்தானேடி" என்றாள் அம்மா.

"குட்டியைத் தின்னுடும்மா."

"எறாலுக்கு ஏது குட்டி?"

தேவசேனா டார்ச் அடித்துக் காட்டினாள். ஒரு பெண் இறால் வயிற்றடியில் மஞ்சள் முட்டைகளைச் சுமந்துகொண்டு கால்களால் விசிறிக்கொண்டிருந்தது. அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள்.

"அடடே, பிள்ளையாண்டிருக்காளா?"

அன்றிலிருந்து காலையில் கோலம் போட்டதும் அம்மா படிக்கு அடியில் வந்து நின்றாள். "உன் கர்ப்பிணி சௌக்கியமா?" என்று கேட்டாள். தேவசேனா அளந்து ஊற்றிய பாக்குத் தண்ணீரில் மூன்றே நாளில் புழுக்கள் சுருண்டு விழுந்தன. இறால்கள் மேய்ந்துகொண்டிருந்தன. இனிப் பாதித் தண்ணீரை மாற்றினால் போதும்.

அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் கேன் தண்ணீர் வண்டி தெருவுக்குள் வர முடியவில்லை. போர் தண்ணீர் கடும் உப்பு. மறுநாள் அபிநயா தொட்டியை எடுக்க வருவதாகச் சொல்லியிருந்தாள். அழுகிய புழுக்களோடு தண்ணீரை இன்னொரு நாள் விடவும் பயமாக இருந்தது.

"இதை ஊத்து. ராத்திரி குழாய்ல நல்ல தண்ணி வந்தப்போ பிடிச்சு வெச்சது. இதைவிடச் சுத்தம் உண்டா?"

அம்மா இடுப்பில் செப்புக்குடத்தோடு நின்றாள். புளி போட்டுத் தேய்த்த குடம் தகதகத்தது. பூஜைக்கும் குடிக்கவும் மட்டும் எடுக்கிற தண்ணீர் அது. மடி, ஆசாரம் பார்க்கிற அம்மா, இறாலுக்காக அதைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

செம்பு இறாலுக்கு விஷம். தேவசேனாவுக்கு அது நன்றாகத் தெரியும். 'வேண்டாம்மா' என்று நாக்கு வரை வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஒரு தடவைதானே, என்று நினைத்துக்கொண்டு புனல் செருகிய குழாயைத் தொட்டிக்குள் பிடித்தாள். அம்மா மெதுவாகச் சாய்த்து ஊற்றினாள்.

விடிந்தபோது இறால்கள் மணலில் ஒருக்களித்துக் கிடந்தன. முட்டை சுமந்ததும் கிடந்தது.

"என்னடி ஆச்சு? பாக்கா?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா. பாக்குதான்."

"நான் சொன்னேனோல்லியோ? புழுவைக் கொன்ன பாவம்."

மதியம் அபிநயா வந்தாள். காலித் தொட்டியின் முன் உட்கார்ந்து, அம்மா சொன்ன பாக்குக் கதையைக் கேட்டாள். பிறகு, "ஜாஸ்தி போட்டியா? படிச்சவதானேடி, அளந்து போட மாட்டியா?" என்றாள். பக்கத்தில் அம்மா காபி டம்ளரோடு நின்றிருந்தாள். தேவசேனா டம்ளரை வாங்கி அபிநயாவிடம் நீட்டினாள்.

ஆட்டோவில் தொட்டியை ஏற்றும்போதுதான் தேவசேனா சொன்னாள்.

"அபி, பாக்கு இல்லடி. செப்புக்குடத்துத் தண்ணி ஊத்தினோம்."

அபிநயா திரும்பினாள். "உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே?"

"அம்மாவே தூக்கிண்டு வந்தா. வேண்டாம்னு சொல்ல..."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"விடு, சொல்லாத" என்றாள் அபிநயா. அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் தேவலை. தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோக்காரரிடம், "வீட்டுக்குத்தான், வேங்கிக்கால் போங்கண்ணா" என்றாள். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுகிறேன் என்று எப்போதும் சொல்வாள். இன்று சொல்லவில்லை.

உள்ளே அம்மா படிக்கு அடியில் தொட்டி இருந்த இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கோச்சுண்டாளா?"

"இல்லம்மா."

"பாவம், நன்னா வளர்ந்துண்டிருந்துது. என் பேச்சைக் கேட்டு அந்தப் பாக்கைத் தொடாம இருந்திருக்கலாம்."

"ஆமாம்மா" என்றாள் தேவசேனா.