திருகாணி

"தள்ளு பிரியா. ஒரே வெட்டு, முடிஞ்சிரும்" என்று கட்டிங் பிளேயரோடு குனிந்த தாய்மாமன் கருப்பணனின் கையைச் சத்யபிரியா எட்டிப் பிடித்தாள்.

"அம்மா மூக்கு கிழிஞ்சிரும் மாமா. நான் கழட்டுறேன்."

"அரைமணி நேரமா அம்புட்டுப் பேரும் பாத்தாச்சு. நாலரைக்கு ராகுகாலம் தாயி. இன்னும் குளிப்பாட்டணும், கோடி போடணும்."

குளிப்பாட்டுமுன் நகையைக் கழற்றியாக வேண்டும். தோடு வந்துவிட்டது. மூக்குத்தியின் திருகாணிதான் அசைவேனா என்றது. இறந்து கிடந்த அம்மா பழனியம்மாளின் முகத்தைச் சுற்றி ஆறு பேர் ஆளுக்கொரு பக்கம் செல்போன் டார்ச் அடித்தார்கள்; ஆளுக்கொரு யோசனையும் சொன்னார்கள். மூக்குத்திக் கல் பளபளத்துக் கண்ணைக் கூசவைத்தது. திருகாணி இருந்த இடத்திலோ விரல் நிழல்கள்தான் மொய்த்தன. நாகல்நகர்த் தெருவையே அதிரவைத்துக்கொண்டிருந்தது வாசல் கொட்டு. பிரியாவுக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. ஊசி போடவே பயந்த அம்மாவை இப்போது பிளேயரால் வெட்டுவதா?

"எல்லாரும் டார்ச்ச அமத்துங்க!" என்று கத்தினாள்.

கல்யாண ரவிக்கைகளுக்கு ஆரி எம்பிராய்டரி வேலை செய்ய வைத்திருந்த மேசை விளக்கை ஓடிப்போய் எடுத்துவந்தாள். காலியான ஃப்ரீசர் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அங்கே செருகினாள்.

"இருக்கிற வெளிச்சம் பத்தாதுன்னு இது வேறயா கண்ணு?" என்றாள் கீரனூர்ச் சித்தி.

"வெளிச்சம் கூடிப்போச்சு சித்தி. அதான் தெரியல."

விளக்கின் கழுத்தை வளைத்து, வலக்கையின் நிழல் விழாதபடி இடப்பக்கம் தாழ்த்தி வைத்தாள். ஒரு சாண் வட்டத்துக்குள் அம்மாவின் மூக்கு மட்டும் நின்றது. உள்ளே திருகாணி தெரிந்தது. அதன் மரையில் மயில்நீல நூல் ஒன்று இறுகச் சுற்றியிருந்தது. கழன்று விழாமலிருக்க அம்மாவே சுற்றியிருக்கிறாள். நூல் பிரியாவின் தையல் பெட்டியிலிருந்து எடுத்தது.

ஆரி ஊசியின் கொக்கியால் இழையை மெல்ல மெல்ல உருவினாள். நூல் முழுதும் வந்ததும் விரலால் திருகினாள். திருகாணி சுற்றியது.

மூக்குத்தியைச் சித்தியிடம் கொடுத்தாள். மாமா பிளேயரை இடுப்பில் செருகிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"லைட்ட அமத்து கண்ணு. அக்காவத் தூக்கோணும்" என்றாள் சித்தி.

யாரோ வயரை மிதித்ததில் விளக்கு திரும்பி, வெளிச்சம் முழுக்க அம்மாவின் மூடிய இமைகளில் விழுந்தது. பிரியா சட்டென்று உள்ளங்கையை விரித்து அந்தக் கண்களுக்கு மறைப்பாகப் பிடித்தாள்.

"அமத்துறேன்" என்றாள். கையை எடுக்கவில்லை.